உலகத் தும்மல்களின் காவலர்

வாசகரே, பறவைகளைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். நட்சத்திரங்களைக் கவனிப்பவர்கள் இருக்கிறார்கள். எதிர்வீட்டு வாசலில் யாருடைய கார் வந்து நிற்கிறது, எப்போது போகிறது என்று திரைச்சீலை இடுக்கால் கவனிப்பவர்கள் இல்லாத தெருவே இல்லை. இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் இப்போது அறிமுகம் செய்யப்போகிற இனம் இவர்கள் எல்லோரையும் விட நுணுக்கமானது. அதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை, ஆகவே நானே வைக்கிறேன்: தும்மற்காவலர்.

தும்மற்காவலர் என்பவர் உலகத்தின் எந்த மூலையில் யார் தும்மினாலும் தமக்குத் தெரிந்தாக வேண்டும் என்று இருப்பவர். தெரிந்தால் மட்டும் போதாது. அந்தத் தும்மல் எங்கிருந்து புறப்பட்டது, எந்த விமானத்தில் ஏறும், எந்தக் கலியாண வீட்டில் இறங்கும், கடைசியில் யாருடைய மூக்கில் குடியேறும் என்பதையெல்லாம் முன்கூட்டியே கண்டறிந்து, வீட்டில் மிளகும் மல்லியும் இஞ்சியும் போதிய அளவு இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் படுக்கப் போவார். இதற்கென்று ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் என்று ஒரு பெரிய கட்டடமே இருக்கிறதே, அங்கே படித்தவர்கள் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்கிறார்களே என்று கேட்பீர்கள். கேட்டுப் பாருங்கள். "அவையளுக்கு அறிக்கை வரோணும். எனக்கு ரெலிபோன் வந்தாக் காணும்" என்று பதில் வரும்.

நான் அறிந்தவர்களில் தலைசிறந்த தும்மற்காவலர் அருள்நாயகம். கனடாவில், ரொறொன்ரோவில், டோர்செட் பார்க்கில், எங்கள் தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில், எலிவேற்றருக்கு நேர் எதிரே குடியிருப்பவர். ஏதோ கிடைத்த வீட்டில் இருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். யன்னலால் மரங்கள் தெரிகிற நல்ல வீடொன்று அதே மாடியில் காலியானபோது மனைவி ஜெயமலர் மாறுவோம் என்று கெஞ்சிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. எலிவேற்றர் திறக்கும்போது இருமிக்கொண்டு வெளியே வருவது யார் என்பதை மரத்தைப் பார்த்தா தெரிந்துகொள்ள முடியும்? பகலில் ஒரு கொம்பனியில் பெட்டி அடுக்குகிறார். மிச்ச நேரம் முழுவதும் உலகத்தைக் காக்கிறார். ஜெயமலர் மட்டும் தம்மைக் காக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கேளுங்கள். ரெலிபோனை எடுத்தவுடன் தமிழர் என்ன கேட்பார்கள்? சுகமா என்று கேட்பார்கள். நீங்களும் கேட்பீர்கள், நானும் கேட்பேன், பதில் வருவதற்கு முன்பே அடுத்த கதைக்குத் தாவிவிடுவோம். அருள்நாயகம் தாவமாட்டார். கேட்ட இடத்திலேயே நிற்பார். பாரிசில் பெரியம்மாவின் மகள், லண்டனில் மச்சான், ஒஸ்லோவில் சித்தப்பாவின் மகன், சூரிச்சில் பள்ளிக்கூடச் சினேகிதன், மெல்பேணில் ஜெயமலரின் தமையன், சென்னையில் விசாவுக்குக் காத்திருக்கிற மாமா என்று சனம் நாடுநாடாகச் சிதறிக் கிடப்பதை மற்றவர்கள் துக்கம் என்பார்கள். இவர் அதை அவதான நிலையங்கள் என்பார்.

"சுகமா இருக்கிறியளோ?"

"ஓம் ஓம், நல்ல சுகம்."

"தடிமன் கிடிமன்?"

"ஒண்டும் இல்லை."

"பிள்ளையளுக்கு?"

"சின்னவனுக்கு லேசா மூக்கு ஓடுது."

அகப்பட்டான் சின்னவன். எப்போது ஓடத் தொடங்கியது, தண்ணீராக ஓடுகிறதா சளியாக ஓடுகிறதா, வகுப்பில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை, அந்தப் பிள்ளையின் தாய்தகப்பன் அண்மையில் எங்கே போய் வந்தார்கள்? ஒஸ்லோவில் இருக்கும் அந்தத் தகப்பனுக்குத் தன் பிள்ளையைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கவில்லை என்ற வெட்கமே வந்துவிடும். உடனே அருள்நாயகம் பாரிசுக்கு ரெலிபோன் எடுத்து, ஒஸ்லோவில் மூக்கு ஓடத் தொடங்கிவிட்டது, கவனம் என்பார். பாரிஸ் லண்டனுக்குச் சொல்லும். லண்டன் மெல்பேணுக்குச் சொல்லும்போது அது காய்ச்சலாகியிருக்கும். மெல்பேண் சென்னைக்குச் சொல்லும்போது பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும். கடைசியில் சென்னை மாமா ஒஸ்லோவுக்கு எடுத்து, மனதைத் தளரவிட வேண்டாம் என்று பிள்ளையின் தாய்க்கு ஆறுதல் சொல்வார். தாய் பயந்துபோய்ப் பிள்ளையைத் தேடுவாள். பிள்ளை பந்தடிக்கப் போயிருக்கும்.

எங்கள் மாடியில் செந்தில்நாதன் என்று ஓர் இளைஞர் இருக்கிறார், தமிழ்நாட்டுக்காரர், கொம்பியூட்டர் வேலை. குடிவந்த புதிதில் எலிவேற்றர் வாசலில் இவரிடம் அகப்பட்டார்.

"தம்பி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் வருத்தமோ?"

"இல்லீங்களே, சந்தோஷமாத்தான் இருக்கேன்."

"சந்தோசத்தைக் கேக்கேல்லை. உடம்புக்கு வருத்தமோ எண்டு கேட்டனான்."

எங்கள் பக்கத்தில் நோய்க்கு வருத்தம் என்று பெயர், மனக்கவலைக்கும் அதுவேதான் பெயர் என்று நான்தான் பிற்பாடு அவருக்கு விளங்கப்படுத்தினேன். அப்படியானால் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

கலியாண வீடுகள்தான் அருள்நாயகத்தின் ஆய்வுகூடங்கள். விட்பியில் ஓர் உறவினர் வீட்டுக் கலியாணம் முடிந்த கையோடு வந்தவர்களில் பாதிப்பேர் தொண்டைநோவில் படுத்துவிட்டார்கள். மற்றவர்கள் கொத்தமல்லி அவித்துக் குடித்தார்கள். இவர் கலியாண வீடியோவை இரவல் வாங்கினார். தாலி கட்டுகிற கட்டத்தை வேகமாக ஓடவிட்டார். மணமக்களை ஆசீர்வதிக்க ஒவ்வொருவராக மேடையேறி அறுகரிசி போடுகிற கட்டத்தை மெதுவாக ஓடவிட்டார். பிறகு பின்னால் ஓட்டினார். பிறகு முன்னால். கடைசியில் கண்டேபிடித்துவிட்டார். சுவிசிலிருந்து வந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, சால்வையால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதே கையால் அறுகரிசியை அள்ளி, பெண்ணின் தலையில், தோளில், முழங்காலில் என்று ஒன்றும் விடாமல் ஆசீர்வதித்திருந்தார். அன்றிலிருந்து அந்தத் தொண்டைநோவுக்குக் குடும்பத்தில் சுவிஸ் காய்ச்சல் என்று பெயர். அந்தப் பெரியப்பா இப்போது இவரோடு கதைப்பதில்லை.

இவ்வளவும் செய்ய உமக்கு என்ன தகுதி என்று எவரேனும் கேட்டால் ஒரே பதில்தான்: "நான் சார்ஸைக் கண்டவன்." சார்ஸ் இந்த நகரத்துக்கு வந்துபோன காலத்தில் நாங்கள் எல்லோரும்தான் இங்கே இருந்தோம். நாங்களும்தான் கண்டோம். ஆனால் சண்டைக்குப் போய்வந்தவர் போல அதைச் சொல்ல இவரால் மட்டும்தான் முடியும். அப்போது வாங்கிய மாஸ்க் பெட்டிகள் இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன. ஜெயமலர் அவற்றின்மேல் சீலைப் பெட்டியை வைத்திருக்கிறார். சரியான உயரமாம்.

இப்படிப்பட்டவருக்கு, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுச் சித்திரையில், மெக்சிக்கோவிலிருந்து பன்றிக் காய்ச்சல் புறப்பட்டுவிட்டது என்ற செய்தி எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். ஜெனீவாக்காரர்கள் நாலாம் கட்டம் என்றார்கள், ஐந்தாம் கட்டம் என்றார்கள். அருள்நாயகம் தம்மளவில் ஆறையும் தாண்டிவிட்டார். பாவம், பக்கத்துவீட்டு இக்னேசியஸ் அண்ணை. பிள்ளைகள் ரிக்கட் எடுத்துக் கொடுத்தார்கள் என்று மனைவியோடு மெக்சிக்கோவின் கன்கூனுக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு, சரியாக அந்தக் கிழமை வந்து இறங்கினார். எலிவேற்றர் திறந்தது. வெயிலில் கறுத்த முகமும் வைக்கோல் தொப்பியுமாக அவர் வெளியே கால் வைத்தார். எதிரே மாஸ்க்கோடு அருள்நாயகம்.

"அண்ணை, நேரை வீட்டுக்குள்ள போங்கோ. ஒண்டையும் தொடாதேங்கோ. சாப்பாடு நான் கொண்டந்து வைப்பன்."

வைத்தார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் எனக்கு. காலையிலும் மாலையிலும் கதவடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, அதன்மேல் பிட்டும் ரசமும். தட்டிவிட்டு ஓடிப்போய்த் தன் வாசலில் நின்று, கதவு திறக்கிறதா, எடுக்கிற கை நடுங்குகிறதா என்று பார்ப்பார். ரசத்தில் மிளகை அள்ளிப் போட்டிருந்தபடியால் இக்னேசியஸ் அண்ணை குடிக்கும்போதெல்லாம் தும்மினார். தும்மினபடியால் மறியல், அதாவது இந்த வீட்டுச் சிறை, நீண்டது. மறியல் நீண்டபடியால் ரசமும் தொடர்ந்தது. கடைசியில் அண்ணை ரசத்தைக் குடிக்காமல் ஊற்றிவிட்டுத்தான் விடுதலையானார்.

நான் இதையெல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் சொல்கிறேன். அப்போதும் சிரித்தோம். ஆனால் அந்த வசந்தத்தில் எங்கள் வீடுகளில் வேறு ஒரு செய்தியும் ஓடிக்கொண்டிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். வன்னியில் கடைசிச் சண்டை. அருள்நாயகத்தின் தாய் அங்கேதான் இருந்தார். தங்கை ஸ்ரீதேவி தன் இரண்டு பிள்ளைகளோடு, சனத்தோடு சனமாக வெளியேறிச் செட்டிகுளத்து முகாமில் சேர்ந்துவிட்டாள். வருகிற வழியில், நெரிசலில், தாயின் கை அவள் கையிலிருந்து நழுவிவிட்டது. அவ்வளவுதான் தெரியும். அதைப் பற்றி அருள்நாயகம் ஒருவரோடும் கதைத்ததில்லை. நாங்களாகக் கேட்டாலும், மெக்சிக்கோவில் இன்று எத்தனை பேர் தெரியுமோ என்று தொடங்கிவிடுவார். அம்மா எங்கே என்று கேட்க உலகத்தில் ஓர் இலக்கமும் இருக்கவில்லை, ஆகவே இலக்கம் இருந்த இடங்களுக்கெல்லாம் எடுத்து யாருக்கு இருமல் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

யூனிவேர்சிற்றி அவெனியூவில் போரை நிறுத்தச் சொல்லிச் சனம் இரவுபகலாக நின்ற நாட்களில் அவரும் வேலை முடிந்து வந்து நின்றார். கையில் பதாகை இல்லை. டொலர் கடையில் வாங்கிய பெரிய போத்தல் ஒன்று இருந்தது, கைக்குப் பூசுகிற கிருமிகொல்லி. இவ்வளவு சனம் தோளோடு தோள் நிற்கிற இடத்தில் பன்றிக் காய்ச்சல் புகுந்தால் என்னாவது? வரிசை வரிசையாகப் போய் எல்லோர் கையிலும் ஒவ்வொரு சொட்டு விட்டார். வயதான அம்மா ஒருவர் வலக்கையைக் குழித்துப் பக்தியோடு வாங்கிக் கண்ணில் ஒற்றப் போனார்.

"எந்தக் கோயில் தீர்த்தம், மோனை?"

"கோயில் இல்லை அம்மா, டொலர் கடை. கையில மட்டும் பூசுங்கோ, கண்ணில வேண்டாம்."

யார் கேட்டார்கள்? றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலிலிருந்து தீர்த்தம் வந்திருக்கிறது என்று கதை பரவிவிட்டது. தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் கையைக் குழித்துக்கொண்டு வரத் தொடங்கியது. சிலர் தலையில் தடவினார்கள். ஒருவர் வாய்க்குக் கொண்டுபோனதைப் பாய்ந்து பிடிக்க வேண்டியிருந்தது. போத்தல் முடிந்தபோது அவரிடம் திருநீறு இருக்கிறதா என்று கேட்டார்கள். உலகத்திலேயே மிகச் சுத்தமான கைகளோடு நின்ற கூட்டம் அன்றைக்கு எங்களுடையதாகத்தான் இருந்திருக்கும்.

வைகாசியில் போர் முடிந்துவிட்டது என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லின. அருள்நாயகத்தின் தாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அதன்பிறகு வந்த ஒரு சனிக்கிழமை காலை. இடியப்பத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் அவர்கள் வீட்டுக் குசினியில் நின்றேன். ரெலிபோன் அடித்தது. அருள்நாயகம் எடுத்தார். முகாமில் யாரோ ஒரு புண்ணியவானின் போனிலிருந்து ஸ்ரீதேவி. ஜெயமலர் ஓடிப்போய்க் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரைச்சல். அண்ணை என்ற ஒரு சொல். மறுபடி இரைச்சல். பிறகு ஒரு வசனம். லைன் அறுந்துவிட்டது.

ஜெயமலர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சந்தோச அழுகை. "அம்மா வந்திட்டாவாம். கடவுளே, அம்மா வந்திட்டாவாம்."

அருள்நாயகம் ரிசீவரை மெதுவாக வைத்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அம்மா இல்லை. அம்மாள். முகாமில அம்மாள் வந்திட்டா எண்டு சொன்னவள்."

வாசகரே, எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உடம்பெல்லாம் கொப்புளம் போடுகிற அந்த நோயைப் பெயர் சொல்லி அழைத்தால் மாரியம்மன் கோபிப்பாள். அவள்தானே வீட்டுக்கு எழுந்தருளியிருக்கிறாள்? ஆகவே, அம்மாள் வந்திட்டா என்று ஒரு பெரிய மனுசியின் வருகையைச் சொல்வது போல மரியாதையாகச் சொல்வோம். அம்மா வந்தாலும் வந்திட்டா. அம்மாள் வந்தாலும் வந்திட்டா. நடுவில் இருப்பது ஒரு ள். செட்டிகுளத்திலிருந்து கடல்கள் தாண்டி வந்த அந்த இரைச்சலில் அந்த ள் இருந்ததா, இல்லையா? ஒரு மெய்யெழுத்தில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டு நின்றது. திருப்பி எடுத்துக் கேட்கலாம் என்றால் அந்த இலக்கம் போகவில்லை.

பிறகென்ன, நீதிமன்றம் கூடியது. முதலில் இக்னேசியஸ் அண்ணையை அழைத்தார்கள்.

"நாங்கள் பொக்குளிப்பான் எண்டுதான் சொல்லுறது," என்றார் கிறிஸ்தவரான அண்ணை. "அப்பிடிப் பாத்தா வந்தது அம்மாதான்."

"ஸ்ரீதேவி என்ன வேதக்காறியே, அண்ணை? அவள் அம்மாள் எண்டுதான் சொல்லுவாள்."

நடுநிலையான ஆள் ஒருவர் வேண்டும் என்று ஜெயமலர் செந்தில்நாதனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் கண்ணைக் காட்டித் தடுக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்ல ‘அம்மா வந்திருக்கு’ன்னாலே அம்மை போட்டிருக்குன்னுதாங்க அர்த்தம்" என்றார். ஜெயமலரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெஜமாவே அம்மா வந்தாலும் அப்படித்தாங்க சொல்லுவோம்" என்று சேர்த்துக்கொண்டார். அவருக்கு நன்றி சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.

ஜெயமலர் விட்டுக்கொடுக்கவில்லை. "அம்மாள் எண்டா ஆருக்கு எண்டு சொல்லாமல் ஆரும் சொல்லுவினமே? பெரியவளுக்கு எண்டோ சின்னவனுக்கு எண்டோ சொல்லியிருக்க மாட்டாளே?"

"அதுக்குள்ளதானே லைன் அறுந்தது. முகாமுக்குள்ள அம்மாள் பரவுது எண்டு பேப்பரில போட்டிருக்கு, நீர் பாக்கேல்லையே?"

அன்று பின்னேரமே அந்த வீடு இரண்டாகப் பிரிந்தது. ஜெயமலர் உழுந்து ஊறப்போட்டார். அம்மா உயிரோடு வந்த வீட்டில் வடை சுடாமல் வேறு எந்த வீட்டில் சுடுவது? அருள்நாயகம் இந்தியக் கடையில் காய்ந்த வேப்பிலை வாங்கிவந்து கதவில் கட்டினார். கட்டடத்தைப் பராமரிக்கிற வெள்ளைக்காரர் வந்து, இது என்ன பண்டிகை என்று கேட்டு வாழ்த்திவிட்டுப் போனார். அதோடு, அம்மாள் வந்திருக்கையில் வீட்டில் எண்ணெய் கொதிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது என்ற ஊர்ச் சட்டம் ஒன்பதாம் மாடியில் அமுலுக்கு வந்தது. ஜெயமலர் அடுப்பை மூட்டினார். அருள்நாயகம் நிறுத்தினார். மறுபடி மூட்டினார். மறுபடி நிறுத்தினார்.

"இஞ்சேருங்கோ, அம்மாள் எண்டே வைச்சுக்கொள்ளுவம். அவ வந்தது செட்டிகுளத்தில. இது டோர்செட் பார்க்."

"உந்த வருத்தங்களுக்குத் தூரம் ஒரு கணக்கே? பண்டிக் காய்ச்சல் மெக்சிக்கோவில இருந்து வரேல்லையே?"

இதற்குப் பதில் சொல்ல ஜெனீவாவிலும் ஆள் இல்லை. ஜெயமலருக்குக் கோபம் தலைக்கேறியது. அகப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு உங்கட அம்மா வந்தது விருப்பமில்லையே?"

அருள்நாயகம் கதிரையில் இருந்தார். இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"மலர், அம்மா எண்டு நான் நம்பிப்போட்டு, நாளைக்கு அது அம்மாள் எண்டு சொன்னாளெண்டா, நான் இன்னொருக்கா அம்மாவைத் துலைக்கோணும். எனக்கு ஏலாது. அம்மாள் எண்டு வைச்சா, பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறது எண்டாவது யோசிக்கலாம்."

அதுவரைக்கும் அவரை நான் ஒரு வேடிக்கை மனிதராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்டது எதுவென்றாலும் அதற்கு முன்னாயத்தம் செய்யத் தெரிந்தவருக்கு, நல்லது ஒன்று வந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜெயமலர் தாமே அடுப்பை நிறுத்திவிட்டு, அரைத்த மாவைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் பார்த்தால் அதற்கும் மருந்து சொல்வார் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜெயமலர் மாவைக் கொட்டவும் இல்லை, சுடவும் இல்லை. அது புளிக்கத் தொடங்கியிருந்த ஒரு காலையில் மறுபடியும் ரெலிபோன் அடித்தது. இந்த முறை ஜெயமலர் முந்திக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்துவீட்டுக் கதவு திறந்திருந்தபடியால் இக்னேசியஸ் அண்ணை உள்ளே வந்துவிட்டார். நான் எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். எலிவேற்றரிலிருந்து இறங்கிய செந்தில்நாதனும் வாசலில் நின்றுவிட்டார். லைன் கண்ணாடி போலத் தெளிவு.

"அண்ணை, கேக்குதோ?"

"கேக்குது. ஆருக்கு வந்தது எண்டு சொல்லு முதல். பெரியவளுக்கோ, சின்னவனுக்கோ?"

"என்ன ஆருக்கு?"

"அம்மாள்."

"அம்மாவுக்கு."

ஜெயமலர் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினார்.

"எந்த அம்மாவுக்கு?" என்று அருள்நாயகம் கேட்டார்.

"எங்களுக்கு எத்தினை அம்மா, அண்ணை? அண்டைக்குச் சொன்னனானே, அம்மா வந்திட்டா எண்டு. வேறை முகாமில இருந்தவ, எங்களைப் பதிவில தேடிப் பிடிச்சுக் கொண்டந்து விட்டவை. வந்து அடுத்த நாளே மேலெல்லாம் அள்ளிப் போட்டிட்டுது."

"அம்மாட்டைக் குடு."

"கதைக்க ஏலாது அண்ணை, தொண்டைக்குள்ளயும் போட்டுக்கிடக்கு. இஞ்சைதான் பக்கத்தில படுத்திருக்கிறா."

அவர் நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. தங்கை தனக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். அப்போது அந்தக் கூடாரத்துக்குள், ரெலிபோனுக்குக் கொஞ்சம் தள்ளி, யாரோ இருமினார்கள். சின்னதாக இரண்டு, பிறகு இழுத்து ஒன்று, பிறகு தொண்டையைச் செருமுகிற ஒரு சத்தம். அருள்நாயகம் கையைத் தூக்கி எங்களையெல்லாம் அசையாமல் நிற்கச் சொன்னார். வாழ்நாள் முழுக்க உலகத்தின் இருமல்களைக் கேட்டுப் பழகிய காது அது. லண்டன் இருமலையும் ஒஸ்லோ இருமலையும் அது பிழையாகக் கணித்திருக்கலாம். இதிலும் பிழைவிடுமா?

"உது அம்மாதான்," என்றார்.

பிறகு குழந்தைப்பிள்ளை போல அழுதார். ஜெயமலர் அழுதார். நான் அழுதேன், இக்னேசியஸ் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு அழுதார், ஒன்றும் விளங்காத செந்தில்நாதனும் மூக்கை உறிஞ்சினார். அந்த உறிஞ்சல் கேட்டு அருள்நாயகம் அழுகையின் நடுவிலும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். லைன் எப்போதோ அறுந்துவிட்டிருந்தது. அவரோ இளநீர் கொடு, வேப்பிலையால் தடவு, சொறிய விடாதே என்று அதற்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இனி வடை. ஆனால் இப்போதுதான் உண்மையான சிக்கல். அம்மா வந்ததற்கு வடை சுட்டாக வேண்டும். அம்மாள் அந்த அம்மாவுக்கே வந்திருப்பதால் வீட்டில் எண்ணெய் கொதிக்கவே கூடாது. அருள்நாயகமும் ஜெயமலரும் முதன்முறையாக ஒரே பக்கத்தில் நின்று முழித்தார்கள். இக்னேசியஸ் அண்ணைதான் வழி சொன்னார்: "மாவைத் தூக்கிக்கொண்டு எங்கட வீட்டை வாருங்கோ. வேதக்காற வீட்டில சுட்டா அம்மாள் கோவிக்கமாட்டா."

அவர் வீட்டில் மாதா படத்துக்கு முன்னால் மாரியம்மன் கோபிக்காத வடை பொரிந்தது. புளித்த மாவு. நான் தின்ற வடைகளில் அதைப் போல ஒன்று இல்லை. அருள்நாயகம் தட்டை எடுத்துக்கொண்டு மாடி முழுவதும் கதவு தட்டினார். மாஸ்க் இல்லை. கிருமிகொல்லி இல்லை. சீனர் வீட்டில், பிலிப்பீனர் வீட்டில், செந்தில்நாதன் வீட்டில், எல்லோருக்கும் ஒரே செய்தி: "எங்கட அம்மாவுக்கு அம்மாள் வந்திட்டா, எடுங்கோ."

"அம்மை போட்டதுக்கு வடைங்களா?" என்று செந்தில்நாதன் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். உலக வரலாற்றில் ஒரு தொற்றுநோய்க்குப் பலகாரம் பகிர்ந்த முதல் ஆள் எங்கள் அருள்நாயகமாகத்தான் இருப்பார். தாய்க்குப் பிறகு நல்லபடியாகத் தண்ணீர் வார்த்தார்கள், அம்மாள் இறங்கிப் போனார் என்று கேள்வி. இவர் திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? இப்போது முகாமில் யாருக்கு என்ன காய்ச்சல் என்பதும் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கென்ன, நான் ஜெனீவாவையும் பார்ப்பதில்லை, மாஸ்க்கும் வாங்குவதில்லை என்கிறீர்கள். சரி, ஒரு சின்னக் கேள்வி. நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். திரும்பிப் பாராமல் சொல்லுங்கள், யார்? பெயர் வந்துவிட்டதா? அடுத்த இருமலும் வருகிறதா என்று காதைக் கொடுத்தீர்களா? அப்படியென்றால் உங்களுக்கும் தொற்றிவிட்டது. பக்கத்து அறையில் ஒரு சத்தமுமே இல்லை, அந்த இருமல் இப்போது வேறு நாட்டில் இருக்கிறது என்கிறீர்களா? பிறகேன் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள், ரெலிபோனை எடுத்துக் கேளுங்கள்.